பதினொரு மாதம்

வீட்டு ஒப்பந்தத்தில் பதினொரு மாதம்.
கையுறை ஆலை அனுப்பிய கடிதத்திலும் அதுவே.
வில்லிவாக்கத்தில் இரண்டாம் மாடி,
ஓர் அறை, ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்கு வெளியே யாருடைய துணியோ
காயும் கம்பி.

தைப்பிங்கிலிருந்து கொண்டுவந்த குடையைக்
கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.
அங்கே மாலை நான்கு மணிக்கு மழை வரும்,
யாரும் அதைப் பேச்சாக எடுப்பதில்லை.
இங்கே நான்கு மணிக்கு வருவது
தண்ணீர் லாரி.
அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்,
அதுவும் சொன்னபடி இல்லை.

பச்சைக் குடம் வாங்கியிருந்தேன்.
வரிசையில் ஏழு பச்சைக் குடங்கள்.
கீழ்வீட்டு ரெஜினா ஆணியைச் சுடவைத்து
அடியில் ஓர் எழுத்தைக் கீறிக் கொடுத்தாள்.
என் பெயரை அவள் கேட்டிருக்கவில்லை.
மலேசியாவுக்கு ம.

பேசுவது தமிழ்தான்.
ஆனாலும் காலையில்
"பசியாறிட்டீங்களா?" என்றால்
இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்திவிட்டுப்
பார்க்கிறார்,
அவர் பட்டினி கிடந்த சேதி
எனக்கு எப்படித் தெரிந்தது என்பதுபோல.
இப்போது "டிபன் ஆச்சா?" என்கிறேன்.
வாக்கிய முடிவில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வைக்
கொரட்டூர் வருவதற்குள்
உதிர்த்துவிடப் பார்க்கிறேன்.
பட்டரவாக்கத்தில் என்னோடு அதுவும் இறங்குகிறது.

ஆலையில் பீங்கான் கைகள் சங்கிலியில் தொங்கி வந்து
ரப்பர் பாலில் முங்கி எழும்.
உரித்தெடுத்த கையுறையில் காற்றை ஊதி
எங்கே ஓட்டை என்று பார்ப்பது என் வேலை.
எங்கள் பக்கம் எஸ்டேட் என்றால்
பால் வடியும் மரங்கள்.
இங்கே எஸ்டேட் என்றால்
தகரக் கூரை, லேத் சத்தம், டீக்கடை.
முதல் நாள் நான் மரங்களைத் தேடியது
யாருக்கும் தெரியாது.

கறிவேப்பிலை கொசுறு என்பது
மூன்றாம் மாதம்தான் தெரிந்தது.
அதுவரை இரண்டு ரூபாய் தந்துகொண்டிருந்தேன்,
மாரிக்கண்ணு வாங்கிச் சாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டார்.
நான் திருப்பிக் கேட்கவில்லை.
முருங்கைக்கீரையில் கழிந்துகொண்டிருக்கிறது.

கைக்கடிகாரம் மட்டும்
இரண்டரை மணிநேரம் முந்தி ஓடியது.
மகன் சாப்பிடும் நேரம், அவன் படுக்கும் நேரம்,
எல்லாம் மணிக்கட்டில்.
கழித்துக் கழித்துத்தான் ரயிலைப் பிடித்தேன்.
ஒருநாள் பேட்டரி தீர்ந்தது.
மார்க்கெட் வாசலில் கடிகாரம் பார்ப்பவர்
மூடியை அழுத்தி, ஒருமுறை காதில் வைத்து,
என்னைக் கேட்காமலே
இந்த ஊர் நேரத்தை வைத்துக் கொடுத்தார்.
எழுபது ரூபாய்.
மாற்றச் சொல்ல வாயெடுத்தேன்,
பின்னால் ஒரு பையன் செருப்பு வாங்க இடித்துக்கொண்டிருந்தான்,
வந்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம், சனிக்கிழமை மாலை.
நிலையப் படிக்கட்டில் ஒருவர்,
தோளில் அரிசி மூட்டை, கையில் கசங்கிய சீட்டு.
"சிட்கோவுக்கு எப்படிம்மா போவணும்?"
யோசிக்கவே இல்லை.
"எதிர் பிளாட்பாரம், ரெண்டாவது ஸ்டேஷன்,
எறங்கி ஷேர் ஆட்டோ."
"இந்த ஊர்க்காரங்களக் கேட்டாத்தான்
சரியாச் சொல்றாங்க"
என்று ரயிலேறிப் போனார்.

இரவு தோசையைத் திருப்பும்போதுதான்
அந்தச் சீட்டு கண்முன் வந்தது.
சிட்கோ நகர். நாலாவது மெயின் ரோடு.
இங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம்.
அரிசி மூட்டையோடு அவரை
பூட்டிய லேத் பட்டறைகளுக்கு நடுவே
அனுப்பிவைத்திருக்கிறேன்.
தோசை கருகியது.

ரெஜினாவிடம் சொன்னேன்.
சுவரில் சாய்ந்து சிரித்தாள்.
"வுடுக்கா, நாங்களும் அப்டித்தான் சொல்லுவோம்.
தெரிலன்னு மட்டும் சொல்ல மாட்டோம்."

பதினொன்றரைக்கு லாரி ஹாரன்.
தெருவிளக்கு இல்லை.
குடங்கள் எல்லாம் ஒரே கறுப்பு.
குனிந்து ஒவ்வொன்றாய் அடியைத் தடவுகிறேன்:
ஒரு சிலுவை, ஒரு வட்டம், ஒன்றுமில்லை,
ம.

அவர் வேறு யாரையாவது கேட்டிருப்பார்.